பெரட்டிலிருந்து சம்பள நாள் வரை

ஈப்போவின் புந்தோங்கில் மாலை ஐந்து மணிக்கு மேல் கடலை வறுக்கும் வாசம் தெருவுக்கு வந்துவிடும். கச்சான் பூத்தே செய்யும் வீடுகள் இருக்கும் சந்தில் நின்றால், எந்த வீட்டில் ஓமப்பொடி பிழிகிறார்கள், எந்த வீட்டில் முறுக்கு எண்ணெயில் இறங்குகிறது என்று மூக்கே சொல்லிவிடும். அந்தச் சந்து முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை. 2025 செப்டம்பரில் ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதிரே, முறுக்குச் சுற்றிவிட்டுக் கை கழுவி வந்த அக்கா. அவர் மடியில் பேத்தி. அந்த மாதம்தான் குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

அக்கா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயமும் இல்லாமல் போன பிறகு புந்தோங்குக்கு வந்தார். மகன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மருமகளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மாமியார் மங்கில் பிடித்த பால்தான் மருமகள் கையில் உறையாகிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கடை வானொலியில் மின்னல் எஃப்எம் செய்தி ஓடியது. கிக் தொழிலாளர் மசோதா ஆகஸ்ட் 28இல் மக்களவையில் நிறைவேறியிருந்தது. இப்போது மேலவையும் நிறைவேற்றிவிட்டது என்றார்கள். மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டு சேர்ப்பவர்கள், வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்குமான மசோதா.

"தம்பி, பாஸாயிருச்சின்னு சொல்றாங்களே. அப்ப நாளையிலேர்ந்து மவனுக்கு எல்லாம் கெடச்சிருமா?" என்றார் அக்கா. நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "இப்படித்தான் போன தடவையும் சொன்னாங்க. புள்ள பெத்தவளுக்கு 98 நாளு லீவுன்னு. இவ பொறந்தப்ப 60 நாளுதான் குடுத்தாங்க. கேட்டா, சட்டம் இன்னும் வரலேன்னாங்க. ரேடியோவுல வந்துச்சே, எப்படி வராமப் போகும்?"

ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் எழுத்தராக இருந்தவன் நான். கட்டுக் கட்டாகச் சட்டங்களைக் கையில் தூக்கியிருக்கிறேன். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. இன்னொரு தேத்தண்ணி சொல்லிவிட்டு, அந்த 98 நாளின் கதையையே முதலிலிருந்து சொன்னேன். ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று தெரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான கதை இல்லை. அந்தச் சட்டத்தை நடத்திப் போன மனிதவள அமைச்சர்களில் மூன்று பேர் பேராக் தொகுதிகளில் வென்று போனவர்கள்: ஈப்போ பாராட்டின் எம். குலசேகரன், தாப்பாவின் எம். சரவணன், பத்து காஜாவின் வி. சிவகுமார்.

முதலில் ஒரு சொல். மலாய்ச் செய்தியில் 'ரங் உண்டாங்-உண்டாங்' என்று காதில் விழுந்தால் அது மசோதா. 'அக்தா' என்றால் சட்டம். 'ரங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது இன்னும் வரைவுதான், வேலை பாக்கி இருக்கிறது. தமிழ்ச் செய்தியில் சில நேரம் இரண்டையும் கலந்து சொல்லிவிடுகிறார்கள். அக்கா ஏமாந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்டில் தனியார் துறைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளைச் சொல்வது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அக்தா 265 என்பார்கள். தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும்தான் அது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டம். அக்தா 265இல் பிரசவ விடுப்பு 60 நாள் என்று பல பத்தாண்டுகளாக இருந்தது. அக்கா மகனைப் பெற்றபோதும் அதுதான் கணக்கு. 60 நாள் முடிந்ததும் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, தன் நிரையில் மரம் வெட்டப் போனார். "மார்ல பாலு கட்டிக்கும் தம்பி. அங்க மரத்துலயும் பாலு, இங்கயும் பாலு" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த எண்ணை மாற்ற வேண்டும் என்ற பேச்சு குலசேகரன் அமைச்சராக இருந்த 2018, 2019இலேயே சூடு பிடித்தது. 2020ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 90 நாள் என்று அறிவிப்பும் வந்தது. அறிவிப்பு வந்தால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நிதியமைச்சர் மேடையில் சொல்வது வாக்குறுதி. அதை ஒரு முதலாளிமேல் கட்டாயமாக்க வேண்டுமென்றால் சட்டத்தில் எழுதியிருக்கும் 60 என்ற எண்ணை அழித்து வேறு எண் எழுத வேண்டும். அப்படி எழுதும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2020 தொடக்கத்தில் அரசாங்கம் மாறியது, கோவிட் வந்தது, எண் 60 ஆகவே நின்றது.

மசோதா பிறப்பது நாடாளுமன்றத்தில் அல்ல. அமைச்சு என்ன வேண்டும் என்று முடிவு செய்யும், முதலாளிகள் தரப்போடும் தொழிற்சங்கங்களோடும் பேசும், சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைச் சட்ட மொழியில் எழுதிக் கொடுக்கும், அமைச்சரவை தலையாட்டும். பிறகுதான் மக்களவைக்குப் போகும். திருத்த மசோதா அப்படிப் போய்ச் சேர்ந்தது 2021 அக்டோபர் 25இல். அப்போது மனிதவள அமைச்சர் தாப்பா சரவணன்.

அன்று நடந்தது முதல் வாசிப்பு. பெயர்தான் வாசிப்பு, மசோதாவின் தலைப்பை மட்டும் படிப்பார்கள். விவாதம் கிடையாது, உறுப்பினர்கள் கைக்குப் பிரதி போகும், அவ்வளவுதான்.

"பேரு கூப்புடுற மாதிரி" என்றார் அக்கா.

அதேதான். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது போல. ஆள் வந்துவிட்டான் என்று பதிவாகும், வேலை இனிமேல்தான்.

அந்த மசோதாவில் எழுதியிருந்தது 98 அல்ல, 90. தகப்பனுக்கு விடுப்பு என்று முதன்முறையாக ஒரு பிரிவு இருந்தது. அதில் மூன்று நாள் போட்டிருந்தார்கள். வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறையும் என்றும் இருந்தது.

இரண்டாம் வாசிப்பு வந்தது 2022 மார்ச்சில். நடுவில் ஐந்து மாதம். இந்த ஐந்து மாதத்தைத்தான் நான் அக்காவுக்கு விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினேன். மசோதா அச்சாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் இன்னும் ஓர் எழுத்துகூட இறுகவில்லை. தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் நீண்ட நாளாகக் கேட்டுவந்த எண் 98. அது யாரோ மனதில் தோன்றிய எண் அல்ல. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தாய்மைப் பாதுகாப்புக்கென்று ஓர் உடன்படிக்கை செய்தது; அதில் குறைந்தது 14 வாரம் என்று இருக்கிறது. பதினாலை ஏழால் பெருக்கினால் 98. எட்டு நாள்தானே வித்தியாசம் என்று கேட்கலாம். பச்சை உடம்புக்காரிக்கு எட்டு நாள் என்பது எட்டு விடியல்.

2022 மார்ச் 21இல் இரண்டாம் வாசிப்பு. அன்றைக்குத்தான் உண்மையான விவாதம். இந்த மசோதா தேவையா, அதன் கொள்கை சரியா என்று உறுப்பினர்கள் பேசுவார்கள். மன்றத்துக்குள் ஓர் உறுப்பினர் பேசும் பேச்சுக்கு வெளியே அவதூறு வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பணமும் பதவியும் உள்ளவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஈப்போக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய சொந்தக் கதை உண்டு. நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகம் அறுபதுகளில் கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப்மேல் மன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். முடிந்தால் வெளியே வந்து சொல் என்றார்கள். வெளியேயும் வந்து சொன்னார். அமைச்சர் வழக்குப் போட்டார், தோற்றார். இன்று ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் மாலை நடை போகிறவர்கள், அந்தப் பெயருக்கு உரியவர் என்ன செய்தார் என்று தங்கள் பிள்ளைகளிடம் ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.

விவாதம் முடிந்ததும் குரல் வாக்கு. ஆதரிப்பவர்கள் ஆம் என்று சத்தம் போடுவார்கள், சபாநாயகர் கேட்டு முடிவு சொல்வார். சந்தேகம் என்றால் பதினைந்து உறுப்பினர்கள் எழுந்து நிற்கலாம். நின்றால் மணியடித்து, ஒவ்வொரு தலையாக எண்ணியே ஆக வேண்டும். சாதாரண மசோதாவுக்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் போதும். அரசியலமைப்பைத் திருத்துவது என்றால் மொத்தமுள்ள 222 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் வேண்டும்.

அதற்கடுத்து வருவது குழுநிலை. செய்தியில் இதைச் சொல்லவே மாட்டார்கள். எனக்கோ அத்தனை படிகளிலும் இதுதான் முக்கியமானது. மன்றம் முழுவதும் ஒரு குழுவாக மாறிவிடும். சபாநாயகர் அப்போது சபாநாயகர் அல்ல, குழுத் தலைவர். மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்துப் போவார்கள். இங்கே ஒரு கமா, அங்கே ஓர் எண் என்று மாற்றலாம். 90 என்றிருந்த எண் 98 ஆனது இந்தப் படியில்தான். தகப்பனுக்கு மூன்று நாள் என்றிருந்தது ஏழு நாள் ஆனதும் இங்கேதான். அரசாங்கமே தன் மசோதாவுக்குத் திருத்தம் கொண்டுவந்தது. ஐந்து மாதமாக வெளியே கேட்டுக்கொண்டிருந்த குரல், அந்தக் கடைசி நேரத்தில் எண்ணாக உள்ளே நுழைந்தது.

அக்கா பேத்தியின் கையிலிருந்த முறுக்கை உடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "அப்ப அந்த அஞ்சு மாசத்துல நாம கேட்டா மாத்துவாங்களா?"

எல்லாம் மாறாது. ஆனால் மாற்ற முடியும் என்றால் அந்த நேரத்தில்தான். கடைசிப் படியான மூன்றாம் வாசிப்பு முடிந்து மக்களவையின் கதவு சாத்திய பிறகு, நாம் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அதன் மதிப்பு குறைந்துவிடும். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு நாம் எதற்குப் போகிறோம்? கால்வாய் அடைப்புக்கு, அடையாள அட்டைக்கு, பள்ளி உதவிக்கு. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதரை நாம் கோலாலம்பூருக்கு அனுப்பியது சட்டம் எழுத. ஒரு மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பிரிவு எங்கள் வீட்டுக்கு இப்படி வந்து அடிக்கிறது என்று சொல்ல யாராவது அந்த மையத்துக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

பழைய காலத்தில் அதற்கு வழியே இருந்ததில்லை. கோலாகங்சாரில் 1877இல் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று பெரிய மரமாகி மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. அந்த மரத்தின் வம்சத்துக்கு வேலை செய்யத்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கான தொழிலாளர் சட்டக் கோவை 1912இல் வந்தது. அதை இயற்றிய கூட்டரசு மன்றத்தில் தோட்டத்தொழிலாளி ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. மன்றத்தில் ஓர் இந்தியருக்கு நியமன இடம் கிடைத்ததே 1928இல்தான். தொழிலாளியின் வேலை நேரத்தையும் வீட்டையும் பற்றி, துரைமார்களின் நண்பர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். இன்று நமக்கு ஓட்டு இருக்கிறது, மசோதா கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இருந்தும் அந்த ஐந்து மாதத்தை நாம் பார்க்காமல் விட்டுவிட்டால், 1912இல் இருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

மக்களவை முடித்த பிறகு மேலவை. எழுபது பேர், 13 மாநிலங்களும் ஆளுக்கு இரண்டு பேரை அனுப்பும், மற்ற 44 பேர் நியமனம். அங்கேயும் அதே வாசிப்புகள். மேலவை ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தலாம், கொன்றுபோட முடியாது: வரி, செலவு சம்பந்தப்பட்டது என்றால் ஒரு மாதம், மற்றவை என்றால் ஓர் ஆண்டு. நம் மசோதா மார்ச் 30இல் அங்கே நிறைவேறியது.

அடுத்தது மாமன்னர். இங்கே அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தமிழ்நாட்டுச் செய்தியைக் கைப்பேசியில் பார்ப்பவர் அவர். "அங்க கவர்னரு கையெழுத்தே போடாம வச்சிருந்தாராமே, இங்க அப்படி நடக்காதா?"

நடக்காது. நம் அரசியலமைப்பின் 66ஆவது விதி, மசோதா வந்த 30 நாளுக்குள் மாமன்னர் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால், அந்த நாள் கழிந்ததும் ஒப்புதல் தந்தது போலவே அது சட்டமாகிவிடும். இது முதலிலிருந்தே இருந்த ஏற்பாடு அல்ல. 1983இல் அரசாங்கத்துக்கும் அரண்மனைகளுக்கும் பெரிய இழுபறி நடந்து, 1984இல் ஒரு சமரசம் வந்து, 1994இல் மறுபடி திருத்தி, அதன் பிறகுதான் இன்றுள்ள வடிவம் வந்தது. இந்தியாவில் அப்படி நாள் குறித்து எழுதவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் கிடந்து, வழக்காகி, 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருத வேண்டும் என்றது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததற்கு இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு வைக்க முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். ஒரே ஒரு எண்ணை, 30 என்று, அரசியலமைப்பில் எழுதி வைத்ததால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

98 நாள் மசோதாவுக்கு மாமன்னரின் ஒப்புதல் 2022 ஏப்ரல் 26இல் கிடைத்தது. மே 10இல் அரசிதழில் வந்தது. கெஜெட் என்றால்தான் நம்மவர்களுக்குப் புரியும். அந்த நாளிலிருந்து அதற்கு ஒரு சட்ட எண்: ஏ1651. 'ஏ' என்றால் திருத்தச் சட்டம். இப்போது 'ரங்' போய்விட்டது. அது அக்தா.

"அப்ப மே மாசமே சட்டம் வந்துருச்சே! இவ செப்டம்பர்லதான தம்பி பொறந்தா!"

அக்காவின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அடுத்து நான் சொல்லவேண்டியது அவருக்குப் பிடிக்காத சங்கதி.

அந்தச் சட்டத்தின் முதல் பிரிவைத் திறந்து பாருங்கள். முதலில் அதன் பெயர். அடுத்த வரியிலேயே, இது அமைச்சர் கெஜெட்டில் குறிப்பிடும் தேதியில் நடப்புக்கு வரும் என்று இருக்கும். பல வருடம் சட்டங்களைப் புரட்டியதில் நான் கற்றது, வேறெதையும் படிக்குமுன் இந்த வரியைப் படிக்க வேண்டும் என்பது. மன்றம் சம்மதித்தாயிற்று, மாமன்னர் ஒப்புதல் தந்தாயிற்று, கெஜெட்டில் வந்தாயிற்று. ஆனால் விளக்குக்குச் சுவிட்ச் போடும் கை அமைச்சருடையது. போட வேண்டிய தேதி என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை.

அமைச்சர் முதலில் சொன்ன தேதி 2022 செப்டம்பர் 1. அதை நம்பித்தான் மருமகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் கடைசியில், கோவிட்டிலிருந்து இப்போதுதான் எழுந்து வருகிறோம், அவகாசம் வேண்டும் என்ற முதலாளிகள் தரப்பின் கோரிக்கையை ஏற்றுத் தேதியை 2023 ஜனவரி 1க்குத் தள்ளினார்கள். குழந்தை பிறந்தது செப்டம்பர் முதல் வாரம். மருமகள் நவம்பர் தொடக்கத்தில் வேலைக்குத் திரும்பினார். தொழிற்சாலையில் சொன்னது சட்டப்படி சரி. 38 நாள் போனது போனதுதான்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "மரம் வெட்டியாச்சு. பாலு எடுத்து ஸ்டோருக்குக் கொண்டாந்து நிறுத்தாச்சு. கிராணி ஏட்டுல எழுதியாச்சு. சம்பள நாள மட்டும் தள்ளிப்புட்டாங்கன்னு சொல்லு."

இதைவிடத் தெளிவாக எந்த வழக்கறிஞரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிறகு அவரே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "பாலு எடுக்கறதுக்குள்ள மழை வந்தா மங்குல இருக்கறதெல்லாம் தண்ணியோட போயிரும். இதுலயும் மழை வருமா?"

வரும். நாடாளுமன்றத்தைக் கலைத்தால், நிறைவேறாமல் பாதியில் நிற்கும் மசோதாக்கள் அத்தனையும் செத்துப்போகும். அடுத்த நாடாளுமன்றம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2022 அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்தது. 98 நாள் சட்டம் அதற்கு முன்பே கெஜெட்டில் ஏறிவிட்டதால் தப்பியது. நவம்பர் 19இல் தேர்தல், டிசம்பரில் புது அமைச்சரவை. மனிதவள அமைச்சர் நாற்காலியில் பத்து காஜா சிவகுமார் உட்கார்ந்தார். 2009இல் பேராக் சட்டமன்ற நெருக்கடியின்போது சபாநாயகராக இருந்தவர் அவர். மன்றக் கதவு திறக்காததால் ஈப்போவில் ஒரு மரத்தடியிலேயே கூட்டத்தை நடத்தியவர். அவர் காலத்தில் தேதி மறுபடி தள்ளப்படாமல், 2023 ஜனவரி 1இல் சட்டம் உயிர் பெற்றது. தாப்பாவில் வெட்டிய பாலுக்குப் பத்து காஜாவில் சம்பளம் போட்டார்கள் என்று அக்கா கணக்கில் சொல்லலாம்.

தேதியின் வல்லமையைக் காட்ட இன்னும் இரண்டு சொன்னேன். பதினெட்டு வயதில் ஓட்டு என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலை 16இல் மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. அரசாங்கமும் எதிர்க்கட்சியும் அப்படி ஒன்றாக நின்றது நம் நாட்டில் அபூர்வம். ஆனாலும் தேதி போய்க்கொண்டே இருந்தது. இளைஞர்கள் வழக்குப் போட்டு, கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 முடிவதற்குள் செய்யுங்கள் என்று உத்தரவிட்ட பிறகு, அந்த டிசம்பர் 15இல்தான் அது நடப்புக்கு வந்தது. இன்னொன்று குப்பை. திடக்கழிவுச் சட்டம் 2007இல் நிறைவேறியது. நடப்புக்கு வந்தது 2011 செப்டம்பர் 1இல், அப்போதும் எல்லா மாநிலத்திலும் இல்லை. பேராக் அதில் சேரவில்லை. அதனால்தான் நம் வீட்டுக் குப்பைக்கு நாம் மாநகர் மன்றத்தைத் திட்டுகிறோம், அதில் சேர்ந்த மாநிலத்துக்காரர்கள் வேறு நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். ஒரே சட்டம், ஆனால் சுவிட்ச் ஊருக்கு ஊர் தனி.

இங்கே கடைக்காரர் ஒரு கேள்வி போட்டார். தோட்டத்தில் வீடு இல்லாமல் போனவர்களுக்கு ஈப்போவில் இருக்கும் சட்டமன்றம் ஏதாவது செய்யக்கூடாதா என்று. நியாயமான கேள்வி. தொழிலாளர் விவகாரம் கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் பட்டியலில். லயத்து வீட்டில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்பது கோலாலம்பூர் சட்டம். அந்த வீடு நிற்கும் நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்பது ஈப்போ. பேராக் சட்டமன்றத்தின் 59 உறுப்பினர்கள் இயற்றுவது 'எனாக்மென்'; அதற்கு ஒப்புதல் தருபவர் சுல்தான். தோட்டத்துச் சனங்கள் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றே பல வருடம் கழித்தார்கள். எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், அலைச்சலாவது குறைந்திருக்கும்.

தொழிலாளர் குடியிருப்புச் சட்டமும் அதே வழியில்தான் வந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம், அக்தா 446. குலசேகரன் அமைச்சராக இருந்தபோது 2019இல் அதைத் திருத்தி, தோட்டம் தாண்டி எல்லாத் துறைத் தொழிலாளர் விடுதிகளுக்கும் விரித்தார்கள். மன்றத்தில் நிறைவேறியது 2019 ஜூலையில், நடப்புக்கு வந்தது 2020 ஜூன் 1இல். நடுவில் பதினொரு மாதம். அங்கேயும் ஒரு சம்பள நாள்.

ஒன்றை மட்டும் அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். ஒரு சட்டத்தின் வாழ்க்கையில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவில் ஒன்று. கெஜெட்டுக்கும் தேதிக்கும் நடுவில் ஒன்று. 98 நாள் விஷயத்தில் முதல் இடைவெளியில் தொழிலாளர் பக்கம் விழித்திருந்தது, 90 என்பது 98 ஆனது. இரண்டாவது இடைவெளியில் முதலாளிகள் பக்கம் விழித்திருந்தது, செப்டம்பர் என்பது ஜனவரி ஆனது. முதலாளிகள் கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்பது அவர்கள் உரிமை, சங்கம் வைத்திருக்கிறார்கள், ஆள் வைத்துக் கெஜெட் படிக்கிறார்கள். நம் பக்கம் அப்போது எங்கே இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கேள்வி. 'பாஸாயிருச்சு' என்று கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

இருட்டத் தொடங்கியது. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம். பேத்தி முதலில் அடையாளம் கண்டு "அப்பா" என்றாள். மகன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கடை வாசலில் நிறுத்தி, அம்மாவிடம் வீட்டுச் சாவியை வாங்கக் கை நீட்டினான். வண்டியின் பின்னால் சாப்பாட்டுப் பெட்டி. இன்னும் இரண்டு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றான். எங்கள் மேசையில் ஓடிய பேச்சு அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நியூஸ்ல சொன்னாங்கம்மா. எங்க பில்லு மேலவையிலயும் பாஸாயிருச்சாம்."

அக்கா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அது சரிடா. தேதி போட்டாச்சா?"

மகன் என்னைப் பார்த்தான். இன்னும் மாமன்னரிடம் போக வேண்டும், பிறகு கெஜெட், அதற்கப்புறம்தான் தேதி என்றேன். அக்கா பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வரும் சனிக்கிழமை சேவை மையத்தை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கடைக்காரரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.